என் மாணவர்களுக்கு ஒரு திருத்தம்



பணி ஓய்வுக்குப் பிறகு தப்புத் திருத்தும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போன வாரம் என் தப்பையே திருத்த வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு படித்தவர்களுக்கு ‘சியாமளே மீனாக்ஷி’ நினைவிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து தூக்கம் வரும் நேரத்தில் எல்லாரையும் நிற்க வைத்துப் பாடச் சொல்வேன். “முத்துசுவாமி தீட்சிதர் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டைக் கேட்டு, அதே மெட்டில் சமஸ்கிருதத்தில் எழுதினார்” என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் நம்பினீர்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

கீபோர்டு கற்றுக்கொள்ளும் என் பேத்தி போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். “பாட்டி, தீட்சிதர் அந்த ரைமை எங்கே கேட்டார்? அவர் எந்த வருஷம்? ரைம் எந்த வருஷம்?” எனக்குப் பதில் தெரியவில்லை. உட்கார்ந்து தேடிப் பார்த்தேன்.

தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தார். 1835இல் எட்டயபுரத்தில், தீபாவளி நாளன்று மறைந்தார். ‘ட்விங்கிள்’ என்பது ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதி 1806இல் வெளிவந்த கவிதை. மெட்டு அவருடையது அல்ல. அது பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் கூட அதை எடுத்து 12 விதமாக மாற்றி மாற்றிப் பியானோவுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கவிதையும் இந்த மெட்டும் சேர்ந்து அச்சில் வந்தது 1838இல். அதாவது தீட்சிதர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து!

ஆகவே அவர் கேட்டது குழந்தைப் பாட்டு அல்ல, ஊர் ஊராகச் சுற்றி வந்த ஒரு மெட்டு. ஆங்கில ரைமை நம்மவர் நகல் எடுத்தார் என்ற எண்ணம் என்னால் உங்கள் மனதில் பதிந்திருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

சரி, அந்த மெட்டு அவரிடம் எப்படி வந்தது? தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர். ஹம்ஸத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர். கும்பினியாரிடம் துபாஷாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் அந்தக் குடும்பத்தைச் அப்போது சென்னைக்குப் பக்கத்தில் இருந்த மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். சுமார் 40 பாடல்கள். ‘நோட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் நம் ‘ஸ்வர’த்தையும் சேர்த்து ‘நோட்டுஸ்வரம்’ என்றே பெயர் வந்துவிட்டது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, கிடையாது. படிக்கட்டில் ஏறி இறங்குவது போல நேராகப் பாடினால் போதும்.

‘சந்ததம் பாஹிமாம்’ என்று ஒரு பாட்டு. அதன் மெட்டு, இங்கிலாந்தின் ராஜாவை ஆண்டவன் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் பாடும் தேசிய கீதத்தின் மெட்டேதான். தீட்சிதர் அதில் ராஜாவை வைக்கவில்லை. சங்கீதத்துக்கே தேவியான சியாமளையை வைத்து, என்னைக் காப்பாற்று என்று கேட்டார். அதை எதிர்ப்பு என்று சொல்ல நான் துணிய மாட்டேன். அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் நன்றாக இருந்தது, அதில் நம் வீட்டுப் பிரசாதத்தை வைத்தார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நவாவரணமும் நவக்கிரக கிருதிகளும் செய்த அதே மனிதர்தான் இவற்றையும் செய்தார். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சமஸ்கிருதத்திலேயே எழுதியவர் என்று நினைக்கும் தீட்சிதர், மாயூரத்து அபயாம்பிகை மீது ஸ்ரீ ராகத்தில் பாடிய ‘ஸ்ரீ அபயாம்பா’ கிருதியில் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் கலந்திருக்கிறார். எந்த வாசலையும் அவர் மூடி வைக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு வந்த பெரியவர் ஒருவர், “இதெல்லாம் சங்கீதமா? பேண்டு மெட்டு. நல்ல கீர்த்தனையாகச் சொல்லிக் கொடுங்கள்” என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. காரணம், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன். குரல் கரகரப்பு என்று பாட்டுப் போட்டியில் அவனைச் சேர்க்க மாட்டார்கள். ‘சியாமளே’ வந்தால் மட்டும் அவன் குரல்தான் வகுப்பில் முதலில் கேட்கும். நேரான ஸ்வரம், சின்னச் சின்னச் சொல், அவனுக்கும் பிடிபட்டது. இன்று லாரி ஓட்டுகிறான். இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

அந்தப் பெரியவருக்கான பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. தொடி அகலமான பெரிய கோபுரம் கட்டியவரே அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு திட்டிவாசலும் வைத்தார். குழந்தைகள் அதன் வழியாகத்தான் உள்ளே வருவார்கள்.

திருத்தத்தை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாட்டையும் சொல்லிக் கொடுங்கள். ஆண்டுகளைச் சரிபார்க்கச் சொன்ன என் பேத்திக்குத்தான் இந்த வாரம் நூற்றுக்கு நூறு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்