அசைக்ளோவிர்

அசைக்ளோவிர் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கு எதிரான மருந்து. உதட்டுக் கொப்புளம், பிறப்புறுப்பு ஹெர்பிஸ், சின்னம்மை, அக்கி, ஹெர்பிஸ் மூளையழற்சி ஆகியவற்றுக்குத் தரப்படுகிறது. நோயாளியின் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வைரஸை மட்டும் தாக்கும் மருந்து சாத்தியம் என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அந்த நம்பிக்கை எளிதில் வரவில்லை. பாக்டீரியாவுக்குச் சொந்தமாகச் செல்சுவர் உண்டு. பெனிசிலின் தாக்குவது அதைத்தான். வைரஸோ நம் செல்லுக்குள் புகுந்து, அங்குள்ள பொருள்களைக் கொண்டே பெருகுகிறது. அதை அழிக்கப் போனால் செல்லும் சேர்ந்து அழியும் என்றே பலரும் கருதினர். வில்லியம் புருசாஃப் உருவாக்கிய ஐடாக்ஸியூரிடின் 1960களின் தொடக்கத்தில் கருவிழி ஹெர்பிஸைக் குணப்படுத்தியது. அதன் நச்சுத்தன்மையால் கண்ணில் இடும் மருந்தாகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் பணியாற்றிய கெர்ட்ரூட் எலியன், 1948இலேயே டைஅமினோபியூரின் என்ற சேர்மத்துக்கு வைரஸ் எதிர்ப்பு இருப்பதைக் கண்டிருந்தார். நச்சு அதிகம் என்பதால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் மருந்துகளில் இறங்கினார். இருபது ஆண்டு கழித்து, 1968இல் பழைய கேள்விக்குத் திரும்பினார். உடன் பணியாற்றிய ஹோவர்ட் ஷேஃபர், டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினை எடுத்து, சர்க்கரை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் வளையமில்லாத சிறு சங்கிலியைப் பொருத்தினார். இங்கிலாந்தில் ஜான் பாயர் அதைச் சோதித்தபோது, குழுவின் முந்தைய சேர்மத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் வலிமை தெரிந்தது. 1977இல் முடிவுகள் வெளியாயின.

இது செயல்படும் விதம் மிக நுட்பமானது. உட்கொள்ளும்போது அசைக்ளோவிர் செயலற்ற பொருள். அது வேலை செய்ய மூன்று பாஸ்பேட்டுகள் ஒட்ட வேண்டும். முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது ஹெர்பிஸ் வைரஸுக்கே உரிய தைமிடின் கைனேஸ் என்ற நொதி. மனித நொதி அந்த வேலையை அநேகமாகச் செய்வதில்லை. மற்ற இரண்டையும் செல்லின் நொதிகள் சேர்க்கின்றன. ஆகவே வைரஸ் புகுந்த செல்லில்தான் மருந்து உயிர்பெறுகிறது. வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது, குவானின் என்று எண்ணி இதைச் சேர்த்துக்கொள்கிறது. மாலை கோக்கையில் ஒரு பக்கம் துளை அடைபட்ட மணி வந்து சேர்ந்ததுபோல, அடுத்த எழுத்தைக் கோக்க இதில் இடமில்லை. நகல் பாதியில் நிற்கிறது.

1982இல் அமெரிக்காவில் களிம்பாக அனுமதி பெற்றது. 1985இல் மாத்திரை வந்தது. பெரும் பயன் கண்டது மூளையழற்சியில்தான். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேரைக் கொல்லும் நோய் அது. 1986இல் வெளியான ஆய்வில், பழைய மருந்தான விடராபின் பெற்றவர்களில் 54 சதவீதத்தினர் இறக்க, அசைக்ளோவிர் பெற்றவர்களில் அந்த அளவு 28ஆகக் குறைந்தது. முனைவர் பட்டம் பெறாத எலியன், 1988இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

குறைகளும் உண்டு. வாய்வழி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கே உடலில் சேரும். அதனால்தான் அக்கிக்கு ஒரு நாளில் ஐந்து வேளை. 1990களில் வந்த வாலசைக்ளோவிர் அதை மூன்று வேளையாக்கியது. நரம்பு முடிச்சுகளில் உறங்கும் வைரஸை இரண்டுமே தொடுவதில்லை. அங்கே நகலெடுப்பே நடக்காதபோது தடுக்க எதுவும் இல்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம், தைமிடின் கைனேஸை இழந்த வைரஸ்கள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகின்றன.

தமிழ்நாட்டில் அக்கிக்குச் செங்காவியால் எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எழுதிக்கொள்பவர்களும் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது: கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குவதே நல்லது. கண்ணருகே வந்தால் அன்றே பார்த்துவிட வேண்டும்.