உயிர் காக்கும் வண்டிக்கு யார் பணம்?

தோட்டத் தொழிலாளி தன் நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற காலத்தை நாம் மறக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கிற்று. 2018இல் யாழ்ப்பாணத்தில் அதன் இரண்டாங் கட்டம் ஆரம்பமாயிற்று. பின்னர் நாடெங்கும் பரவிற்று. இவ்வண்டிகள் இந்திய அரசின் நன்கொடை. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் நன்கொடை வண்டியைத் தரும். சாரதியின் சம்பளத்தையும் எரிபொருளையும் ஆண்டுதோறும் தந்துகொண்டிராது.

2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இச்சேவைக்கென ஓர் அரச நிறுவனத்தை அமைத்தது. எனவே, செலவும் திறைசேரியின் கடமையே. விபத்து வசதி பார்த்து வருவதில்லை. கட்டணம் விதித்தால் ஏழை அழைக்கத் தயங்குவான், அத்தயக்கத்தில் உயிர் போகும். வரிப்பணமே இதற்கு வழி. அவ்வரியும் ஏழையின் அரிசி பருப்பின்மீதன்றிப் பெருஇலாபத்தின்மீது விழுதல் வேண்டும்.