காரா கடலில் தாவர மிதவையுயிரிகளின் உற்பத்தி

சைபீரியாவின் வடகரையை ஒட்டி, நோவயா செம்லியா, செவெர்னயா செம்லியா தீவுக்கூட்டங்களுக்கு இடையே உள்ள ஆர்க்டிக் கடல் காரா. ஓப், யெனிசெய் ஆகிய பேராறுகள் இதில் கலக்கின்றன. இவ்விரண்டும் ஆண்டுதோறும் சேர்க்கும் நன்னீர் ஏறத்தாழ 1,000 கன கிலோமீட்டர். இவ்வளவு ஆற்றுநீர் பாய்ந்தும், பக்கத்திலுள்ள பேரண்ட்ஸ் கடலைவிட இங்கே தாவர மிதவையுயிரிகளின் உற்பத்தி மிகக் குறைவு.

இதற்கு முதற்காரணம் நைட்ரஜன் பற்றாக்குறை. ஆறுகள் சிலிக்கேட்டை ஏராளமாகக் கொண்டுவந்தாலும், உயிரிகள் உடனே பயன்படுத்தக்கூடிய நைட்ரேட் அவற்றில் சொற்பமே. கனம் குறைந்த நன்னீர் மேலே படர்ந்து கிடப்பதால், ஆழத்திலுள்ள நைட்ரேட்டும் எளிதில் மேலேறுவதில்லை. போதாக்குறைக்கு, ஊசியிலைக் காடுகளிலும் சதுப்புகளிலும் ஊறிவரும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது. சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வெளிச்சம் அடங்கிவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி மூடியிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கழிமுகங்களின் நிலை வேறு. அங்கே ஆலகோசெய்ரா முதலிய நன்னீர் டயாட்டம்கள் செழிக்கின்றன. உப்புநீரைத் தொட்டதும் அவற்றில் பெரும்பாலானவை மடிகின்றன. ஆற்று வண்டலும் திரண்டு அடியில் படிகிறது. ரஷ்யக் கடலியலாளர் அலெக்சாந்தர் லிசீத்சின் இக்கலப்புப் பகுதிக்கு ‘விளிம்பு வடிகட்டி’ என்று பெயரிட்டார். இதைத் தாண்டினால் கீட்டோசெரஸ், தலசியோசிரா போன்ற கடல் டயாட்டம்களைக் காணலாம்.

உற்பத்தியை அளக்க, 1952-இல் ஸ்டீமன் நீல்சன் வெளியிட்ட கார்பன்-14 முறையே இன்றும் அடிப்படை. கடல்நீரைப் புட்டிகளில் பிடித்து, கதிரியக்கக் கார்பன் கலந்த பைகார்பனேட் சேர்த்து, வெளிச்சத்தில் சில மணிநேரம் வைக்கிறார்கள். சில புட்டிகள் ஒப்பீட்டுக்காக இருட்டில் இருக்கும். பிறகு நீரை வடிகட்டி, உயிரணுக்களில் எவ்வளவு கார்பன் ஏறியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். செயற்கைக்கோள் கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தை மதிப்பிடுகிறது. ஆனால் ஆற்றுநீரில் கரைந்த கரிமப்பொருளும் பச்சையத்தைப் போலவே நீல ஒளியை உறிஞ்சுவதால், கழிமுகத்தை ஒட்டிய நீரில் மதிப்பு உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும். கப்பல் அளவீட்டோடு ஒப்பிடாமல் அந்த எண்களை எடுத்தாளக் கூடாது.

1998 முதல் 2018 வரை ஆர்க்டிக் பெருங்கடலின் உற்பத்தி 57 விழுக்காடு உயர்ந்ததாக 2020-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கூறுகிறது. தொடக்கத்தில் பனி விலகித் திறந்த கடற்பரப்பு விரிந்ததும், பின்னர் மிதவையுயிரிகளின் அடர்த்தி கூடியதும் இதற்குக் காரணங்கள். பனிக்கு அடியில் நடப்பது இக்கணக்கில் வராது. 2011-இல் சுக்சி கடலில், ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டிக்குக் கீழே, கெவின் அரிகோ குழுவினர் மிதவையுயிரிகளின் அடர்ந்த பெருக்கத்தைக் கண்டறிந்தனர்.