தீவாகாத தீவு: கொம்பனித்தெருவின் எல்லைகள்

நாடுகளின் எல்லைகளை மலையும் ஆறும் வகுப்பதுண்டு. மன்னரும் உடன்படிக்கைகளும் வகுப்பதுமுண்டு. கொழும்பு நகரின் ஒரு சிறு பகுதியான கொம்பனித்தெருவின் எல்லையை வகுத்ததோ மனிதர் கட்டிய நீர்நிலை. ஆங்கிலேயர் அதனை ‘அடிமைத் தீவு’ என்றனர். இன்று பேரை வாவிக்கரையில் நின்று நோக்குவோர் ஆங்கே தீவைக் காணார். தெருக்களையும் வாவியின் எஞ்சிய நீரையுமே காண்பர்.

வாவியின் தோற்றம் போர்த்துக்கேயர் காலத்தது. சீதாவாக்கை மன்னரின் தாக்குதல்களிலிருந்து கோட்டையைக் காக்கவே அவர்கள் நீரைத் தேக்கினர். 1587–88 முற்றுகையின்போது முதலாம் இராசசிங்கன் கால்வாய் வெட்டி அந்நீரை வடியச் செய்தான் என்பது, நீர் எத்துணைப் பெரிய அரணாயிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நீரோடு போராடியே தம் நாட்டைச் சமைத்தவர். 1612இல் பேம்ஸ்டர் ஏரியை வற்றச்செய்து விளைநிலமாக்கினர். எல்லை விநோதங்களும் அவர் தாயகத்திற்குப் புதியனவல்ல: பார்ளே என்னும் ஊரில் பெல்ஜியத்திற்குரிய 22 நிலத்துண்டுகள் நெதர்லாந்து மண்ணினுள்ளே சிதறிக் கிடக்கின்றன, சில வீடுகளின் நடுவிலும் எல்லைக்கோடு ஓடுகின்றது. தாயகத்திலே நீரை விலக்கி நிலம் பெற்ற அம்மக்கள், கொழும்பிலே நீரைச் சிறைமதிலாக்கினர். பகலெல்லாம் கோட்டையில் உழைத்த அடிமைகள் இரவில் இந்நிலத்திற்கு அனுப்பப்பட்டனர். வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பது செவிவழிச் செய்தி.

அவ்வடிமைகள் யாவர்? ‘காப்பிரி’ எனப்பட்ட ஆபிரிக்கரை மட்டுமே பலரும் கருதுவர். அது முழு உண்மையன்று. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சகாலங்களிலே ஒல்லாந்தக் கம்பனி சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. அவருள் ஒரு பகுதியினர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். தமிழர் வரலாற்று நூல்கள் சோழர் கடற்படையைப் பற்றி விரிவாகக் கூறுமளவிற்கு இக்கடற்பயணத்தைப் பற்றிக் கூறுவதில்லை.

1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் நீங்கவில்லை. அதற்குள் அவ்விடம் மலாயப் படைவீரரின் குடியிருப்பாகியிருந்தது. மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை முதலிய தெருப்பெயர்கள் இதனை நினைவூட்டுவன. தமிழர் ‘கொம்பனித்தெரு’ என்றனர். சிங்களவர் ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்றனர். இப்பெயரிலுள்ள ‘கம்பனி’ ஒல்லாந்த வணிகக் கம்பனியா, படைப்பிரிவா என்பதில் கருத்து வேற்றுமையுண்டு. எவ்வாறாயினும், ஆள்வோர் சூட்டிய பெயர் அடிமையைச் சுட்ட, வாழ்வோர் வழங்கிய பெயர்கள் முதலாளியையோ படையையோ சுட்டின என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பின்னர் நீர் பின்வாங்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 165 ஹெக்டேயராயிருந்த வாவி, கரைகள் நிரப்பப்பட்டமையால் 65 ஹெக்டேயரளவிற் குறுகிற்று. தீவைத் தீவாக்கிய எல்லை மண்ணுள் மறைந்தது. 2022இல் ஆங்கிலத்திலும் ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்றே வழங்கவேண்டுமென அரசு பணித்தது. இழிபெயரை நீக்கியது நன்றே. எனினும் அப்பெயரொன்றே அங்கு அடைபட்டோர்க்கு எஞ்சியிருந்த நினைவுக்கல் என்பதனையும் மறுத்தற்கில்லை.

அண்மையிலே எல்லை வேறொரு வகையில் நகர்ந்துள்ளது. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியிலிருந்த குடியிருப்புகள் படையினரைக் கொண்டு இடிக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் அயலிலே மாடிக்கட்டடங்கள் எழுந்தன. அப்பால், கோட்டையின் முன்னே கடலை நிரப்பிப் பெற்ற துறைமுக நகரின் 269 ஹெக்டேயர் நிலம் 2019இல் கொழும்பு மாவட்டத்துடன் முறைப்படி சேர்க்கப்பட்டது. வாவியிலிருந்து ஒரு நூற்றாண்டுக் காலமாகக் கவரப்பட்ட பரப்பினும் இருமடங்கிற்கு மேற்பட்ட நிலம், சில ஆண்டுகளிலே கடலிலிருந்து எழுந்துவிட்டது.