மாநிலத்தின் உரிமையும் சேரியின் கேள்வியும்



காஞ்சிபுரத்தில் நின்று கூட்டாட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அண்ணாவிடமிருந்து தொடங்குவார்கள். நாமும் அவரிடமிருந்தே தொடங்குவோம். ஆனால் அவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, அதே மாநிலங்களவையில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பேசிய இன்னொருவரையும் இந்த மேடைக்கு அழைத்துவர வேண்டியிருக்கிறது. அவர் அம்பேத்கர். இந்த இரண்டு உரைகளையும் நாம் தனித்தனியாகவே படித்துப் பழகிவிட்டோம். திராவிட இயக்க மேடைகளில் ஒன்று, தலித் இயக்க மேடைகளில் மற்றொன்று. சேர்த்துப் படிக்கும்போதுதான் மாநில உரிமை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைக்கிறது என்பது நம் வாதம்.

இருவரையும் அந்த அவைக்கு அனுப்பியது தேர்தல் தோல்விதான். 1952இல் முதல் மக்களவைத் தேர்தலில் அம்பேத்கர் பம்பாய் வடக்குத் தொகுதியில் தோற்று, அதன்பின் மாநிலங்களவைக்கு வந்தார். 1962 சட்டமன்றத் தேர்தலில் அண்ணா பிறந்த ஊரான இதே காஞ்சிபுரத்தில் தோற்றார். அவரை வென்றவர் பேருந்து முதலாளியான காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியார். திமுக 50 இடங்களில் வென்ற தேர்தல் அது. தலைவர் மட்டும் சொந்த ஊரில் தோற்றார். நெசவாளர் சமூகத்தில் பிறந்த அந்தத் தலைவர் டெல்லிக்குப் போனார்.

1962 மே 1ஆம் நாள், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது அண்ணா தன் முதல் உரையை நிகழ்த்தினார். தன்னைத் திராவிடன் என்று சொல்லிக்கொள்வதால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தான் எதிரி அல்ல என்றார். உலகுக்குத் தருவதற்குத் தனித்தன்மையுள்ள ஒன்று திராவிடர்களிடம் இருக்கிறது, அதனால் தன்னுரிமை கேட்கிறோம் என்றார். சீனப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பிரிவினைப் பேச்சைத் தடுக்க 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, 1963 ஜனவரியில் அதை எதிர்த்து அவர் மீண்டும் பேசினார். அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, சட்ட இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டிருக்கிறது என்பது அந்த உரையின் சாரம். திராவிட நாடு கோரிக்கை கைவிடப்பட்டு, மாநில சுயாட்சி என்ற கோரிக்கை வளர்ந்தது. 1971இல் வந்த ராஜமன்னார் குழு அறிக்கையும், 1974இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயாட்சித் தீர்மானமும் அந்த வழியில் வந்தவை.

இறையாண்மை மக்களிடம் இருக்கிறது என்றார் அண்ணா. எந்த மக்களிடம் என்ற கேள்வியை அம்பேத்கர் அதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அதன்பின் ஆந்திர மாநில மசோதா வந்தது. 1953 செப்டம்பர் 2ஆம் நாள் அம்பேத்கர் அதன் மீது பேசினார். மொழிவழி மாநிலக் கோரிக்கையை ஓர் உயிர் போகும்வரை இழுத்தடித்த அரசைக் கடுமையாகச் சாடினார். கூடவே வேறொன்றையும் கேட்டார். புதிய மாநிலத்தில் நிலமும் பதவியும் ஓரிரு ஆதிக்கச் சாதிகளிடம் குவிந்திருக்கும்போது, ஊருக்கு ஊர் சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் பட்டியல் சாதியினருக்கு யார் பாதுகாப்பு? அந்தப் பொறுப்பை நிறைவேற்ற ஆளுநருக்குத் தனி அதிகாரம் வேண்டும் என்றார். தானே எழுதிய அரசியல் சட்டத்தைத் தானே முதல் ஆளாக எரிப்பேன் என்று அவர் சொன்னது இந்த விவாதத்தில்தான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பலர். பெரும்பான்மையினர் சிறுபான்மையினரைப் புறக்கணித்துவிட்டு ஜனநாயகம் நடத்த முடியாது என்று அதையொட்டி அவர் சொன்னதைப் பேசுபவர்கள் குறைவு.

இதை வைத்து அம்பேத்கர் மாநில உரிமைக்கு எதிரானவர் என்று சொல்வது பிழை. 1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில், வடக்கு ஒன்றாகத் திரண்டு நிற்கவும் தெற்கு துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கவும் விடக்கூடாது என்று எச்சரித்தார். பெரிய வட மாநிலங்களைப் பிரிக்கச் சொன்னார். ஐதராபாத்தை இரண்டாவது தலைநகராக்கச் சொன்னார். டெல்லியின் ஆதிக்கம் பற்றி அண்ணாவுக்கு இருந்த அச்சம் அவருக்கும் இருந்தது. கூடுதலாக, தலைநகரிலிருந்து வரும் அதிகாரம் ஊருக்குள் யார் கையில் போய்ச் சேருகிறது என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

இந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பதை 1968 டிசம்பர் 25 காட்டியது. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அப்போது முதலமைச்சர் அண்ணா. புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர் அடுத்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவருடைய உள்ளத்தை அளப்பது இங்கே நம் வேலை அல்ல. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் ஒழுங்கு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெண்மணியில் தமிழக அரசின் கையை டெல்லி கட்டிப்போடவில்லை. பிறகு மாநில அரசு ஒருநபர் ஆணையம் அமைத்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. இதையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மாநில அதிகாரத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார் 1973இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாததே இவர்களின் அடிமைநிலைக்கு வேர் என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்னார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது. அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை நாடு விடுதலையடைந்த பிறகும் செல்லும். ஆனாலும் நிலங்கள் கைமாறின. 1994 அக்டோபர் 10ஆம் நாள், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். காரணையும் காஞ்சிபுரமும் அன்று ஒரே மாவட்டம். அந்தப் பதிவேடுகளைக் கையில் வைத்திருப்பது வருவாய்த்துறை, அதாவது மாநில அரசு.

அடுத்தது தறி. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்ப்பதற்கு, நெய்பவரோடு இன்னொரு கை வேண்டும். பல காலம் அது குழந்தையின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் தறிக்குழியில் கட்டுண்டு கிடந்தார்கள். அவர்களில் தலித் குழந்தைகளும் இருந்தார்கள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் ஊரும் இடம்பெற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் நாடாளுமன்றம் இயற்றியது. ஆனால் கொத்தடிமைகளை அடையாளம் காண்பதும் விடுவிப்பதும் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. சட்டம் ஒன்றியத்துடையது, நிறைவேற்றம் மாநிலத்துடையது. இந்த இடைவெளியில்தான் கால் நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகள் தறியில் இருந்தார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதையும் இதுதான். 1995ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, முதலமைச்சர் தலைமையில் உயர்நிலைக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அது ஜனவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டுக்கு இருமுறையாவது கூட வேண்டும். 17ஆவது விதிப்படி மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும், கூட்டத்தை நடத்துங்கள் என்று தலித் அமைப்புகள் மனுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் நடத்துவதற்கு எந்த ஒன்றிய அரசின் அனுமதியும் தேவையில்லை.

அப்படியென்றால் அம்பேத்கர் சொன்னபடி ஆளுநரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிடலாமா? கூடாது என்றே சொல்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் கிடப்பில் போடப்பட்டதை நாம் பார்த்துவிட்டோம். அந்த அதிகாரம் சேரிக்குக் காவலாக ஒருநாளும் வரவில்லை. 1953இல் அவர் சொன்ன தீர்வு இன்று பயன்படாது. அவர் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கான பதிலை மாநிலத்துக்குள்ளேதான், சட்டமன்றத்தில்தான் தேட வேண்டும். அங்கே கேள்வி கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானம் அவரும் வீரையனும் போன்றவர்கள் குரல் கொடுத்ததால் 1924இல் நிறைவேறியது.

2025 ஏப்ரலில் தமிழக அரசு மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது. இதை வரவேற்கிறோம். நிதிப் பகிர்விலும் கல்வியிலும் மாநிலம் இழந்ததைத் திரும்பப் பெற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. உதவித்தொகை நின்றால் முதலில் படிப்பை நிறுத்துவது நம் பிள்ளைகள்தான். அதே நேரம் மூன்று கோரிக்கைகளை இந்த ஊரிலிருந்து வைக்கிறோம். 16ஆவது விதிக் குழுவின் கூட்டக் குறிப்புகள் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பஞ்சமி நிலங்களின் பட்டியல், இன்றைய அனுபோகதாரர் பெயரோடு, ஊராட்சிதோறும் வெளியிடப்பட வேண்டும். கொத்தடிமைக் கண்காணிப்புக் குழுக்கள் எப்போது கூடின, என்ன செய்தன என்று மாவட்ட ஆட்சியர்கள் மக்கள் முன் சொல்ல வேண்டும்.

இவை மூன்றும் மாநிலத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்துக்குள் அடங்குபவை. டெல்லியிடம் கணக்குக் கேட்கும் அரசு, இந்தக் கணக்கையும் காட்ட வேண்டும். காட்டினால், மாநில உரிமைக்காக அது டெல்லியை எதிர்த்து நிற்கும் நாளில் சேரியும் ஊரும் ஒன்றாக அதன் பின்னால் நிற்கும்.

ஜெய்பீம்.