குழாய்க்குள் வளரும் பாறை: உப்புத் தண்ணியும் டேப்பும்

போன மாசம் எங்க வீட்டு பாத்ரூம் மிக்ஸர் இறுகிப்போச்சு. ஆறு வருஷத்தில் இது மூணாவது. பிளம்பர் அண்ணன் கைப்பிடியைக் கழட்டிப் பார்த்துட்டு, "கார்ட்ரிட்ஜ் போச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது. மொத்தமா மாத்திடுங்க" என்றார்.

எங்க வீடு தாம்பரம் பக்கம். கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தாத்தா காலத்துப் பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. அதிலும் இதே போர் தண்ணிதான் வருது. ஒழுக ஆரம்பித்தால் ஒரு வாஷர் வாங்கிப் போடுவோம், பத்து நிமிஷ வேலை. விலை கூடின மிக்ஸர் ரெண்டு வருஷம் தாங்கலை, இந்தக் கிழட்டுக் குழாய் மட்டும் எப்படித் தாங்குது? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்ததன் குறிப்புகள்தான் இவை.

முதலில் தண்ணீர். நாம எல்லாத்தையும் "உப்புத் தண்ணி" என்று ஒரே பேரில் சொல்லிடறோம். உண்மையில் அதில் ரெண்டு தொல்லை இருக்கு. வெள்ளையாகப் படிவது கால்சியம், மெக்னீசியத்தின் வேலை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையில் இருக்கும் கால்சியத்தைக் கரைத்து எடுத்து வருகிறது. வீட்டில் அது சூடாகும்போதோ காயும்போதோ வாயு பிரிந்துவிடும், சுண்ணாம்புக்கல் திரும்பவும் கல்லாகவே படியும். கெய்சர், ஷவர், டேப்பின் மூக்கு என்று இந்த இடங்களிலேயே கறை கட்டுவது இதனால்தான். இரண்டாவது தொல்லை குளோரைடு, அதாவது நாக்கில் கரிக்கிற உப்பு. அது படியாது, உலோகத்தை அரிக்கும். எங்க பக்கத்துத் தண்ணியில் ரெண்டுமே உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

இந்தப் படிவு நம்ம காலத்துப் புதுப் பிரச்சனை இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு ரோமானியர்கள் ஐஃபெல் மலைப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர். கால்வாய்ச் சுவரில் சில இடங்களில் ஒரு அடி கனத்துக்குப் படிவு ஏறியது. ரோமானியர் போன பிறகு, இடைக்காலத்து ஆட்கள் அந்தப் படிவையே வெட்டியெடுத்து, மெருகேற்றி, தேவாலயங்களில் தூணாக வைத்தார்கள். நம்ம பக்கெட்டில் சுரண்டுகிற அதே பொருள், அங்கே சலவைக்கல்லுக்குப் பதிலாக நின்றது!

கி.பி. 97-இல் ரோம் நகரத் தண்ணீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், கால்வாய்கள் பற்றி எழுதிய நூலில் இதைக் குறிப்பிடுகிறார். படிவு இறுகி ஓடாகிவிடும், தண்ணீரின் வழி குறுகும். தண்ணீரை நிறுத்திச் செய்யவேண்டிய பராமரிப்பை, தேவை அதிகமான கோடையில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது அவருடைய யோசனை. படிவு வராமல் தடுப்பதைப் பற்றி அவர் கனவு காணவில்லை. எப்போது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் அவர் கவலை.

அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தைய விட்ருவியஸ் இன்னும் நேராகச் சொல்கிறார். ஈயக் குழாயா, சுட்ட மண் குழாயா என்று ஒப்பிட்டு, மண் குழாய்க்கு முதல் சிறப்பாக அவர் எடுத்துக்கொள்வது, பழுதானால் அதை யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம் என்பதைத்தான். ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்பது அதற்கு அடுத்துதான் வருகிறது. இதைப் படித்ததும் கொல்லைப்புறக் குழாய் ஞாபகம் வந்தது.

இனி அந்தக் குழாயின் கதை. அது பிறந்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். அதற்கு முன் இருந்தது பீப்பாய்க் குழாய் மாதிரியான அமைப்பு. நடுவில் துளை போட்ட ஒரு உலோக முளை, கால் சுற்று திருப்பினால் திறக்கும். உலோகத்தோடு உலோகம் உரசுவதால், நடுவில் மணல் ஒன்று மாட்டினால் கீறல் விழும், ஒழுக்கு ஆரம்பிக்கும். அப்புறம் முளையையே தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

1845-இல் ராதர்ஹாம் ஊரின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புப் பட்டறை, திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது. திருகு கீழே இறங்கி, ஒரு மெத்தென்ற வாஷரை உலோக வாயில் அழுத்தி மூடும். ஆரம்பத்தில் தோல் வாஷர், பிறகு ரப்பர். நம்ம கொல்லைப்புறக் குழாய்க்குள் இருப்பது இன்றும் இதேதான். இதில் உள்ள புத்திசாலித்தனம் என்னன்னா, தேயறதுக்கென்றே ஒரு மலிவான பாகம். தேய்மானம் எல்லாம் வாஷர் தலையில் விழும், குழாயின் உடம்பு பிழைத்துக்கொள்ளும்.

இதே காலத்தில் தண்ணீரையே மாற்றும் முயற்சியும் நடந்தது. அபர்டீன் வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டால், கரைந்திருக்கும் கால்சியமும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். கேட்க முரண்பாடாக இருந்தாலும் வேதியியல் சரி. நம்ம ஊர் தேத்தாங்கொட்டை வேறு வேலை செய்வது. அது கலங்கலைத் தெளியவைக்கும், கரைந்திருக்கும் கால்சியத்தை எடுக்காது.

மெட்ராஸ் வீடுகளுக்குக் குழாய் வந்தது ஏரித் தண்ணீரோடு. செங்குன்றம் ஏரியிலிருந்து 1872-இல் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது, 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். அது பெரும்பாலும் மழைத் தண்ணீர், அவ்வளவாகப் படியாது. பிறகு நகரம் பெருத்தது, வீட்டுக்கு வீடு போர் இறங்கியது. கட்டுப்படுத்த 1987-இல் நிலத்தடி நீர்ச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதாவது குழாய் அதேதான், அதற்குள் வருகிற தண்ணீர்தான் வேறு ஆகிவிட்டது.

அதற்குள் குழாயும் மாறியது. 1970களிலிருந்து பீங்கான் தட்டு வைத்த டேப்புகள் பரவின. நியாயமாகச் சொன்னால் அந்தத் தட்டு ரொம்ப உறுதி. அது அலுமினா, மோஸ் அளவுகோலில் கடினம் 9. சுண்ணாம்புப் படிவு வெறும் 3, மணல் 7. எனவே தட்டு சுலபத்தில் கீறாது. ஆனால் தட்டைச் சுற்றியும் தண்டைச் சுற்றியும் படிவு ஏறிப் பூட்டிவிடும். நாம பலம் கொடுத்துத் திருப்புவோம், ஏதாவது ஒன்று உடையும். உடைந்த பிறகு அந்த மாடலின் கார்ட்ரிட்ஜ் கடையில் இருக்காது. பொருள் நல்லதுதான், மாற்றுப் பாகம் கிடைக்காததுதான் கேடு.

ஆக, நான் வந்து சேர்ந்த முடிவு இது: கடினத் தண்ணிக்கு அசையாத டேப் என்று ஒன்று கிடையாது. கழட்டி, சுத்தம் செய்து, பாகம் மாற்றக்கூடிய டேப்தான் உண்டு. கடைக்குப் போனால் நான் பார்ப்பது இவைதான்.

கொல்லை, மாடி, துவைக்கிற இடம் என்றால் வாஷர் வைத்த பித்தளைக் குழாய். கையில் கனமாக இருக்கணும். குளோரைடு அதிகம் என்றால் நல்ல தரமான பிளாஸ்டிக் டேப்புக்கு வெட்கப்பட வேண்டாம், அதை உப்பு அரிக்காது. ஸ்டீல் வேண்டும் என்றால் 304-ஐவிட 316 உப்பைத் தாங்கும். மிக்ஸர் வாங்கினால் கார்ட்ரிட்ஜ் பொது அளவா, 35 அல்லது 40 மில்லிமீட்டரா என்று கேளுங்க. தனியாக விற்கிறார்களா என்றும் அங்கேயே கேளுங்க. ஷவரில் ரப்பர் மாதிரி மெத்தென்ற துளைகள் இருந்தால் விரலால் தேய்த்தாலே படிவு உதிரும். டேப் மூக்கில் இருக்கும் வலை கையால் கழட்ட வருகிறதா பாருங்க. கெய்சரை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீங்க, சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். வால்வுகளை மாசம் ஒரு தடவை திருப்பி மூடித் திறங்க, இல்லைன்னா அவசரத்துக்கு அசையாது. கறைக்கு எலுமிச்சை அல்லது வினிகர் போதும், கொஞ்ச நேரத்தில் கழுவிவிடணும். பாத்ரூம் ஆசிட் குரோம் பூச்சையே தின்றுவிடும்.

பாத்ரூமுக்கும் பழைய மாதிரிக் குழாயே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா கேட்டாங்க, "எனக்கு மணிக்கட்டு வலிடா, அதைத் திருக முடியுமா?" அது சரிதான். கொல்லைப்புறக் குழாயைத் திருகக் கஷ்டப்பட்டு, அவங்க பக்கெட்டை உள்ளே எடுத்துவந்து பிடிப்பதை நான் கவனிக்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம் என்பது மட்டும் போதாது, வீட்டில் இருக்கிறவங்க எல்லோராலும் திறக்கவும் முடியணும்.

கடைசியில் கைப்பிடி தூக்கினால் திறக்கிற மிக்ஸர்தான் வாங்கினேன், 35 மில்லிமீட்டர் கார்ட்ரிட்ஜ். கூடவே உதிரியாக ரெண்டு கார்ட்ரிட்ஜ். அதைப் பார்த்து அம்மா, "புதுசு வாங்கும்போதே எதுக்குடா உதிரி?" என்றாங்க. இப்போ அந்த ரெண்டும் வாஷர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கு.