உப்பு தின்ற சாலைகள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் டொரன்டோவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர். இப்போது அங்கே சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கிறார். ஊரிலிருந்து அவருடைய அம்மா போயிருக்கிறார். காலையில் வாசலுக்கு வந்த அந்த அம்மா, கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஐஸில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பில் கீறல்.

"மனசே ஆறல சார். ரெண்டு மூட்டை உப்பு வாங்கி வாசல் பூரா கொட்டிட்டேன். அப்பவும் பயமா இருக்கு. கடையில நாலஞ்சு வகை வச்சிருக்காங்க. எது சார் நல்லது? நமக்குத் தூத்துக்குடி, உப்பைப் பத்தி உங்களைக் கேக்காம யாரைக் கேப்பேன்?" என்றார்.

வரலாற்று வாத்தியாரிடம் எதைக் கேட்டாலும் வரலாறுதான் வரும். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். குளிர் நாடுகளில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும்.

முதலில், உப்பு ஏன் ஐஸை உருக்குகிறது? நாம் சிறுவர்களாக இருந்தபோது குல்பி ஐஸ்காரர் பானைக்குள் ஐஸ்கட்டியோடு உப்பையும் போட்டுவைப்பாரே, நினைவிருக்கிறதா? அறிவியல் ஆசிரியர்கள் அதை உறைகலவை என்பார்கள். சுத்தமான தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். உப்பு கரைந்த தண்ணீர் அதைவிடக் கீழே போனால்தான் உறையும். தண்ணீரில் சுமார் 23 சதவீதம் உப்பு கரைந்திருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. இது ஆய்வுக்கூடக் கணக்கு. தரையில் கிடக்கும் ஐஸின் மேல் தூவும்போது, தரையின் வெப்பநிலை சுமார் மைனஸ் 9-க்குக் கீழே இறங்கிவிட்டால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பெரிய பயன் இருக்காது. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு. கார் வருவதற்கு முன் வட அமெரிக்கக் கிராமங்களில் பனியை யாரும் உருக்கவில்லை. சறுக்கு வண்டி ஓடுவதற்குப் பனி வேண்டும். குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளை ஓட்டி, சாலைப் பனியை அழுத்திக் கெட்டிப்படுத்தினார்கள். கார் வந்த பிறகுதான் பனி பகையாயிற்று. முதலில் பனியை வாரித் தள்ளினார்கள். வழுக்காமல் இருக்க மணலும் சாம்பலும் தூவினார்கள்.

1938-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சாலையில் உப்பைத் தூவிச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் முழுவதற்கும் சேர்த்துத் தூவப்பட்ட உப்பு சுமார் 5,000 டன்தான். போர் முடிந்தது. நகரத்துக்கு வெளியே வீடு, நகரத்துக்குள் வேலை என்று வாழ்க்கை மாறியது. 1956-இல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. எவ்வளவு பனி பெய்தாலும் சாலையில் கறுப்புத் தார் தெரிந்தாக வேண்டும் என்பது அரசுகளின் கொள்கையானது. 1970-களின் தொடக்கத்தில் உப்பின் அளவு ஆண்டுக்கு ஒரு கோடி டன்னை ஒட்டி வந்துவிட்டது. இன்று அது இரண்டு கோடியையும் தாண்டும்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது? நம் ஊர்போலப் பாத்தி கட்டிக் கடல்நீரைக் காயவைத்து எடுப்பதல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல்கள் விட்டுச்சென்ற பாறை உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே சுமார் 1,200 அடி ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. கனடாவின் கோட்ரிச் என்ற ஊரில் 1866-இல் எண்ணெய் தேடித் துளை போட்டவர்களுக்கு உப்பு கிடைத்தது. அங்கே ஹியூரான் ஏரிக்கு அடியில், சுமார் 1,800 அடி ஆழத்தில் ஓடும் சுரங்கம் உலகிலேயே மிகப் பெரிய உப்புச் சுரங்கங்களில் ஒன்று. அள்ள அள்ளக் குறையாது, விலையும் மலிவு. அதனால் அளவு பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உப்பு தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது நம் பழமொழி. உப்பு தின்ற சாலைகளும் கட்டடங்களும் என்ன ஆயின?

உப்பில் உள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை அது உடைத்துவிடும். பிறகு துருதான். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். கடற்கரையில் வீடு கட்டிய நமக்கு இது புதிதல்ல.

கனடாவின் லவால் நகரில் 1970-இல் கட்டிய மேம்பாலம் 2006 செப்டம்பர் 30 அன்று இடிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் கம்பி வைத்ததில் இருந்த தவறையும் கான்கிரீட்டின் தரக்குறைவையும் காரணமாகச் சொன்னது. அந்தத் தரம் குறைந்த கான்கிரீட், உப்புநீரில் நனைந்து நனைந்து, உறைந்து, உருகி வலுவிழந்திருந்தது.

வீடும் கட்டடமும் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி இன்னொன்று. ஒன்டாரியோவின் எலியட் லேக் என்ற சிற்றூரில் 1980-இல் திறந்த வணிக வளாகம். மொட்டைமாடியில்தான் கார் நிறுத்துமிடம். தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. கடைகளுக்குள் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். கார்களோடு வந்த உப்பு கலந்த நீர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, உத்தரத்தைத் தூணோடு இணைத்த பற்றவைப்பை அரித்தது. 2012 ஜூன் 23 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். சரியாகச் சீர்செய்யத்தான் ஆளில்லை.

அடுத்தது தண்ணீர். தரையில் போட்ட உப்பு வசந்த காலத்தில் மறைந்துபோவதுபோல் தெரியும். மறைவதில்லை. ஓடைக்கும் ஏரிக்கும் கிணற்றுக்கும் போகிறது. கரைந்த குளோரைடைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் நீரைக் கெடுக்கும் என்று மினசோட்டா மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு மக்களுக்குச் சொல்லிவருகிறது. 2001-இல் கனடா அரசு ஆராய்ந்து, சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்ற முடிவுக்கு வந்தது. தடை செய்யவில்லை, செய்யவும் முடியாது. 2004-இல் உப்பை அளவோடு பயன்படுத்தும் நெறிமுறையை வெளியிட்டது.

சரி, கடையில் இருக்கும் மற்ற வகைகள்? கால்சியம் குளோரைடு கரையும்போதே சூட்டை வெளிவிடும், மைனஸ் 25-இலும் வேலை செய்யும். மக்னீசியம் குளோரைடு மைனஸ் 15 வரை உதவும். இரண்டும் உப்பைவிட விலை அதிகம். இரண்டிலும் இருப்பது அதே குளோரைடுதான், ஆகவே இரும்பை அரிக்கும். மக்னீசியம் கான்கிரீட்டின் சிமென்ட்டையும் தாக்கும். யூரியா நம் வயலுக்குப் போடும் அதே உரம். விமான ஓடுதளங்களில் வெகுகாலம் பயன்பட்டது. இரும்பை அவ்வளவாக அரிக்காது, ஆனால் நீர்நிலைக்குப் போனால் பாசியை வளர்க்கும். கால்சியம் மக்னீசியம் அசிடேட்டில் குளோரைடே இல்லை. உப்புக்கு மாற்றாகத் தேடிக் கண்டுபிடித்தது அது. விலை பல மடங்கு. மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிமானம் மட்டும் தரும். கடும் குளிரில் அதுவே போதும். பைமேல் 'வீட்டுப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கம் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

இத்தனை தெரிந்தும் ஏன் அள்ளிக் கொட்டுகிறார்கள்? பயம். யாராவது வழுக்கி விழுந்தால் வழக்குப் போடுவார்கள் என்ற பயம் கடைக்காரருக்கும் கட்டட உரிமையாளருக்கும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பெருஞ்சாலையை அகலப்படுத்த முனைந்தபோது, அருகிலிருந்த ஓடைகளில் குளோரைடு மிகுந்திருப்பது தெரியவந்தது. அரசு சாலைகளில் தூவியது மட்டும் காரணமல்ல. தனியார் வாகன நிறுத்துமிடங்களில் கொட்டியதும் பெரும் பங்கு. அதனால் அந்த மாநிலம் ஒரு வழி செய்தது. அளவோடு உப்புத் தூவப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கி, எவ்வளவு தூவினோம் என்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, வழுக்கி விழும் வழக்குகளிலிருந்து 2013 முதல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. உப்பைச் சாலைக்குக் கொண்டுவந்த அதே மாநிலம்தான் இது.

என் மாணவருக்குச் சொன்னது இதுதான்:

"தம்பி, உப்பு போடாதேன்னு சொல்ல மாட்டேன். அம்மா நடக்கிற வாசல். ஆனா முதல்ல பனியை வாரித் தள்ளு. உப்பு, வாரின பிறகு தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கிற ஐஸுக்கு மட்டும்தான். ஒரு காபிக் கோப்பை நிறைய உப்பு, நடைபாதையில பத்துக் கட்டத்துக்குப் போதும்னு அங்கேயே சொல்லிக்கொடுக்கிறாங்க. மணி மணியா இடைவெளி விட்டுத் தூவு. காலுக்கடியில நறநறன்னா அதிகம்னு அர்த்தம். மைனஸ் 10-க்குக் கீழ போனா மணல் போடு. படிக்கட்டு மாதிரி ஆபத்தான இடத்துக்குக் கொஞ்சம் கால்சியம் குளோரைடு வச்சுக்கோ. புதுசா போட்ட கான்கிரீட்டா இருந்தா ஒரு வருஷம் எந்த உப்பும் வேண்டாம். கார் நிறுத்துற இடத்துத் தரையைக் குளிர்காலம் முடிஞ்சதும் கழுவு, விரிசல் இருந்தா உடனே அடைச்சிடு. எல்லாத்துக்கும் முன்னாடி, அம்மாவுக்கு வழுக்காத நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடு."

நேற்று மறுபடி அழைத்தார். ஐஸ் உருகிக் காய்ந்த பிறகும் வாசலில் உப்புக் கிடந்ததாம். நம் பக்கத்தில் உப்பை லட்சுமி என்போம், காலில் மிதிக்க மாட்டோம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் கூட்டி அள்ளி, அடுத்த தடவைக்கு ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டாராம்.

"எவ்வளவு சேர்ந்துச்சு?" என்று கேட்டேன்.

"முக்கால் மூட்டை சார்" என்றார்.